ஆடு வரை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். குடையில் கம்பி ஒடிந்திருக்கிறது. சரிசெய்யக் கொடு என்று உலகம்மாளிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "குடை உங்களுது. காலும் உங்களுது. கடை நீங்க போற வழியிலதான் இருக்கு" என்றாள். இருபத்தாறு வருட இல்லறத்தில் என் மனைவி என்னோடு பேசிய நீளமான வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மாசிலாமணியைத் தலைமையாசிரியர் என்று எழுதும்போதெல்லாம் பேனா தயங்குகிறது. இயற்பியல்காரர், என்னைவிட நான்கு வருடம் இளையவர். அவருக்குப் பதவி உயர்வு வந்த வருடம் எனக்கு மெமோ வந்தது. விலங்கியல் ஆய்வகத்தில் நான் பாடுபட்டுச் சேர்த்த கருக்கள், ஃபார்மலின் பாட்டில்களில், மீன், தவளை, ஓணான், கோழி, ஆடு என்று வரிசையாக இருந்தன. ஸ்மார்ட் கிளாஸ் வைக்க இடம் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை, நான் இல்லாத நேரத்தில், அவற்றை அள்ளித் தன் அறை பீரோவில் பூட்டிவிட்டார். நான் சென்னைக்கே மனு எழுதினேன். அவர் வழியாக அனுப்பாமல் நேரே அனுப்பியது குற்றம் என்று எனக்குத்தான் மெமோ வந்தது. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஏறாது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

இன்று அவர் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். பல்லுயிர்ப் பெருக்கத்தைக் கற்பிக்கப் பரிணாமக் கொள்கையைப் பயன்படுத்தலாமா என்பது பற்றி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குழு அமைத்து, ஆசிரியர்களின் பல்வேறு கருத்துகளைக் கேட்டறிந்து, அவற்றை ஒரே கருத்தாக அனுப்ப வேண்டுமாம். பிறகு மாவட்ட அலுவலர் முன்னிலையில் ஒரு மாதிரி வகுப்பு.

"நீங்கதான் சார் ஒருங்கிணைப்பாளர்" என்றார். "உங்களைத் தவிர இதுக்கு யாரும் கிடையாது."

முகத்துக்கு நேராகவே கேலி செய்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

மாவட்ட அலுவலர் தொலைபேசியில் பேசினார். வடக்கத்தி ஆள். குரலில் எப்போதும் ஒரு கொட்டாவி.

"தவசிமுத்து, ஒண்ணாம் தேதி பதவி உயர்வு பேனல் போகணும். நீங்க இதை ஏகமனதா முடிச்சுக் கொடுங்க. மாதிரி வகுப்பும் பிரச்சனை இல்லாம போகட்டும். அந்த மெமோவ நான் க்ளோஸ் பண்ணிடறேன்."

"ஏகமனதாகன்னா, எல்லாரும் பரிணாமத்தை ஏத்துக்கணுமா சார்?"

"எதையாவது ஏத்துக்கணும். எல்லாரும் ஒண்ணையே ஏத்துக்கணும். அவ்வளவுதான்."

என் ஆராய்ச்சி குற்றாலத்து மலைத் தவளைகளைப் பற்றியது. அந்தக் கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகத் தள்ளித் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட வழிகாட்டிப் பேராசிரியர் இன்றும் உயிரோடு இருக்கிறார், நல்ல உடல்நலத்தோடு. ஒரு மலையில் ஒரு வகையாக இருந்தது, நடுவே ஓடை பெருகியதால் இரு கரையிலும் இரு வகையாகப் பிரிந்திருப்பதை மூன்று மழைக்காலம் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஏன் இத்தனை உயிர்கள் என்று கேட்டால் பரிணாமம்தான் பதில். அதைச் சொல்லாமல் பல்லுயிர்ப் பெருக்கம் நடத்துவது, குழம்பில்லாமல் சோற்றைப் பிசைவது. இதில் ஓட்டெடுக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் எடுப்பேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

முதல் கூட்டம். ஆசிரியர் அறையில், வடையோடு.

குழுவில் என்னைத் தவிர மூன்று பேர். தாவரவியல் விமலா ஜாய்ஸ். தமிழாசிரியர் கோமதிநாயகம். உடற்கல்வி ஆசிரியர் பொன்னுச்சாமி. குழுவில் ஒருவர் பாடம் சாராதவராக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்வதால்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் பொன்னுச்சாமி, "சட்னி யாருக்கும் வேணுமா?" என்றார்.

பிறகு கருத்துகள் வந்தன.

விமலா ஜாய்ஸ்: "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல சார். நான் எம்.எஸ்ஸி.ல படிச்சதுதான. எங்க அத்தைக்குத்தான். நான் மனுசன் குரங்குன்னு நடத்துனேன்னு ஒரு பிள்ளை சபையில போய்ச் சொல்லிச்சுன்னா, அத்தை மூணு நாளைக்கு எங்கூடப் பேச மாட்டாங்க."

"உங்க அத்தைக்காகவா அறிவியலை மாத்தறது?"

"மாத்த வேண்டாம் சார். செடி கொடிக்கெல்லாம் தாராளமா வச்சுக்கோங்க. ஆலமரத்துக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

கோமதிநாயகம்: "எனக்கும் ஒண்ணுமில்ல வே. ஓரறிவு, ஈரறிவுன்னு ஆறறிவு வரைக்கும் நாமளே படி கட்டி வச்சிருக்கோம். ஆனா எம் மச்சினன் கோயில் கமிட்டியில இருக்கான். பசுவும் திமிங்கலமும் ஒறவுன்னு நீரு சொன்னா, அவன் ஏங்கிட்டதான் கேப்பான். பசுவ மட்டும் விட்டுரும்."

"பொன்னுச்சாமி, உமக்கு?"

"எனக்கு என்ன சார், நாலு மணிக்குக் கபடி இருக்கு."

நடந்ததை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒருவருக்கும் சொந்தமாக எதிர்ப்பு இல்லை. எல்லாரும் வேறு யாருக்காகவோ எதிர்க்கிறார்கள். அத்தையையும் மச்சினனையும் குழுவில் போட்டிருந்தால், அவர்கள் ஒருவேளை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஊர்தான் ஒத்துக்கொள்ளாது என்பார்கள்.

குடை இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இரண்டாம் கூட்டம். உயிர் உயிராகப் பேரம் பேசினோம்.

மீன், ஏகமனதாக ஏற்கப்பட்டது. தவளையும் அப்படியே. அதற்கு நான் வாதாட அணிந்து வந்த கண்ணாடியைக் கழற்றக்கூட அவகாசம் தரவில்லை. பாம்பு, கோமதிநாயகம் கொஞ்சம் யோசித்து, "புத்துக்குப் பால் ஊத்துதாவ வே" என்றார்; அதற்குப் பதில் ஓணான். கோழி, சரி. யானை கூடாது, கோயிலில் நிற்கிறது. குரங்கு கூடாது, இதில் விமலாவும் கோமதிநாயகமும் வெவ்வேறு காரணங்களுக்காகக் கைகோத்துக்கொண்டார்கள். பசு ஏற்கெனவே போய்விட்டது. நாயைப் பொன்னுச்சாமி எதிர்த்தார். அவர் வீட்டு நாய்க்குப் போன மாதம்தான் சமாதி கட்டினாராம்.

"ஆடு?" என்றேன்.

வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டுக்குப் பரிந்து பேச உலகில் ஆளில்லை.

"ஆடு வரைக்கும் போவலாம்" என்றார் கோமதிநாயகம்.

"பாட்டிலும் ஆடு வரைக்கும்தான இருக்கு" என்றார் பொன்னுச்சாமி. "இருப்புல இல்லாதத நடத்துனா தணிக்கையில கேப்பாங்கல்லா?"

அபத்தமான வாதம். ஆனால் அரசுப் பள்ளியில் இதைவிட வலுவான வாதம் கிடையாது. மூன்று பேரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

"அப்ப மனுசன்?" என்று கேட்டேன்.

"மக்கள்தொகைன்னு தனியா ஒரு பாடம் இருக்குல்லா சார்" என்றார் விமலா. "அங்க வந்துருவான்."

ஜூலை 13, ஞாயிறு

அறிக்கை எழுதினேன். "பல்லுயிர்ப் பெருக்கத்தைக் கற்பிக்கப் பரிணாமக் கொள்கையை, தாவரங்களைப் பொறுத்தவரை முழுமையாகவும், விலங்குகளைப் பொறுத்தவரை ஆடு வரையிலும் பயன்படுத்தலாம் என்று இக்குழு ஏகமனதாகக் கருதுகிறது."

உலகம்மாள் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"நீங்க எழுதுனதா இது?"

"குழு எழுதியது."

"கையெழுத்து உங்களுதா இருக்கு."

மதியம் மீன் குழம்பு. உப்பு கூடியிருந்தது. வேண்டுமென்றே செய்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

அறிக்கையை மாசிலாமணியிடம் கொடுத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்கு இது சம்மதமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏகமனதாக என்று போட்டிருக்கிறதே" என்றேன்.

முத்திரை வைத்து அனுப்பினார். மாதிரி வகுப்புக்காக பீரோவைத் திறந்து பாட்டில்களையும் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தவை. ஃபார்மலின் ஆவியாகி, கருக்கள் காய்ந்து போயிருக்கும், அதை வைத்து இன்னொரு மனு எழுதலாம் என்று மனதுக்குள் முதல் பத்தியே தயாராக இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் திரவம் கழுத்து வரை நிற்கிறது. மூடியைச் சுற்றிப் புது மெழுகு. ஆட்டு பாட்டிலில் வெடித்துப் போயிருந்த மூடிகூட மாற்றியிருக்கிறது. எங்கள் பள்ளிக்கு ஃபார்மலின் வாங்க மூன்று வருடமாக நிதி வரவில்லை.

பீரோ நன்றாக மூடும் பீரோ போலிருக்கிறது. காற்றுப் புகவில்லை.

அறையை விட்டு வரும்போது, மாசிலாமணியின் சட்டையில் ஃபார்மலின் வாடை. இயற்பியல்காரருக்கு அது என்ன வாசனைத் திரவியமோ.

ஜூலை 16, புதன்

மாவட்ட அலுவலருக்கு அறிக்கை மிகவும் பிடித்துவிட்டதாம். மற்றப் பள்ளிகளிலெல்லாம் அடிதடியாம். ஒரு பள்ளியில் பறவை வரை ஒத்துக்கொண்டு, மயிலில் வந்து முறிந்துவிட்டதாம். ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் பேசுவதில்லையாம். "ஆடு ரொம்ப பேலன்ஸ்டா இருக்கு தவசிமுத்து. மாவட்டம் முழுக்க ஆட்டையே வச்சுக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

என் வாழ்நாளில் என் கருத்து ஒன்று மாவட்டம் முழுதும் ஏற்கப்படுவது இதுவே முதல்முறை. அது இதுவாக இருக்க வேண்டுமா?

ஜூலை 18, வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்பில் ஒத்திகை. அதிகாரி வரும் வகுப்புக்கு எல்லாப் பள்ளிகளிலும் செய்வதுதான். யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது, யார் கையைத் தூக்காமல் சும்மா இருப்பது என்று பிரித்துக் கொடுத்தேன். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை தூக்க வேண்டும். அப்போது வகுப்பு முழுதும் கை தூக்கியதாகத் தெரியும். நான் வலது கைகளை மட்டும் கேட்பேன்.

கேள்வி கேட்க மூன்று பேர். முப்பிடாதி என்ற பெண்ணை அதில் சேர்க்கவில்லை. அது நான்காவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாது. சொன்னதில் கேள்வி கேட்கும். அதனிடம் தனியாகச் சொன்னேன்: "நீ ரெண்டு கையும் கீழ வச்சுக்க."

"எதுக்கு சார்?"

"இதுக்குத்தான்."

ஜூலை 21, திங்கள்

நாளை வகுப்பு. சலவைச் சட்டை. உலகம்மாள் தானாகவே குடையைச் சரிசெய்து வாங்கி வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்கு நனையாமப் போங்க. என்ன செய்யப் போறீயளோ, அத நனையாமச் செய்யுங்க" என்றாள்.

என்ன சொல்ல வருகிறாள் என்று புரியவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தாலும் வரலாம்.

அலுவலர் பத்து மணிக்கு வந்தார். இளநீர் குடித்தார். பின்வரிசையில் அவர், பக்கத்தில் மாசிலாமணி, பிறகு விமலா, கோமதிநாயகம், விசிலோடு பொன்னுச்சாமி. மேசையில் ஐந்து பாட்டில்கள்.

நன்றாகவே நடத்தினேன். மீன் கருவில் கழுத்தோரம் இருக்கும் மடிப்புகளைக் காட்டினேன். அதே மடிப்புகள் தவளையில், ஓணானில், கோழியில், ஆட்டில். ஒரே அச்சில் தொடங்கி, இடத்துக்கும் பிழைப்புக்கும் ஏற்ப வேறு வேறாகப் பிரிந்ததால்தான் இத்தனை வகை என்றேன். மூன்று கேள்விகளும் வந்தன. வலது கைகள் சரியாகப் பதில் சொல்லின. அலுவலர் கொட்டாவியை விழுங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்தது. என் நாற்காலியின் கைப்பிடிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது நான்காவது பெஞ்சிலிருந்து குரல். கை இரண்டும் கீழேதான் இருந்தன. அந்த வகையில் சொன்னதைக் கேட்டுத்தான் நடந்தது அந்தப் பெண்.

"சார், ஆட்டுக்கு அடுத்த பாட்டில் எங்க?"

"அவ்வளவுதான்ம்மா. ஆட்டோடு முடிகிறது."

"ஆட்டோட ஏன் சார் நின்னுச்சு? அதுக்கு மேல அதுக்கு வழி தெரியலையா?"

வகுப்பு சிரித்தது. நான் பின்வரிசையைப் பார்த்தேன். மாசிலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல, யாருக்கும் தெரியாமல், தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வேண்டாம் சார், என்பது போல. விட்டுவிடுங்கள், வேலையைப் பாருங்கள், என்பது போல.

எனக்கு அவர் உத்தரவு போடுகிறார். விலங்கியலில். என் பாட்டில்களுக்கு முன்னால்.

அறிவியலுக்காகச் செய்தேன் என்று எழுத ஆசைதான். அவருடைய அந்தத் தலையாட்டலைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவே.

மேசையில் ஆட்டுக்கு அடுத்து ஒரு பாட்டில் வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. குனிந்து, என் தாடையை அங்கே வைத்தேன். என் தலை பாட்டில்களோடு வரிசையில் நின்றது. ஆட்டுக் கரு என் காதோரத்தில் மிதந்தது.

"இதுதான் அடுத்தது" என்றேன்.

தாடை மேசையில் இருந்ததால் சரியாகப் பேச வரவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"என்ன ஒற்றுமை? சொல்லுங்க."

இடது கைகள், வலது கைகள், எல்லாம் கலந்து எழுந்தன.

"காது சார்!"

"மூக்கு ஓட்டை ரெண்டு!"

"சார், ஆட்டுக்குக் கழுத்து நீளம், உங்களுக்குக் குட்டை!"

"குட்டைதான். ஆனா எலும்பு எத்தனை?" என்றேன். "ஆட்டுக் கழுத்தில் ஏழு. எனக்கும் ஏழு. எலிக்கு ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழு. திமிங்கலத்துக்கு ஏழு. பசுவுக்கு ஏழு. நாய்க்கு ஏழு. குரங்குக்கு ஏழு. எல்லாம் ஒரு வழியில் வந்ததால் ஏழு. வேறு வேறு பிழைப்பு பிழைத்ததால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இதுதான் பல்லுயிர்ப் பெருக்கம். பின்னால் உட்கார்ந்திருக்கிற தலைமையாசிரியருக்கும் ஏழு. அவர் இயற்பியலாக இருந்தாலும் ஏழு. கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்க. குனிஞ்சா துருத்திக்கிட்டு ஒண்ணு நிக்கும். அது ஏழாவது."

நாற்பது பிள்ளைகளும் குனிந்து பிடரியைத் தடவினார்கள். மேசை மட்டத்திலிருந்து பின்வரிசையும் தெரிந்தது. விமலா ஜாய்ஸ் கொண்டையை நகர்த்திவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் துண்டுக்குள் கையை விட்டிருந்தார். பொன்னுச்சாமி தன்னுடையதைத் தேடிக் கிடைக்காமல் கோமதிநாயகத்தின் கழுத்தில் தேடினார். மாவட்ட அலுவலரின் கை, அவரைக் கேட்காமலேயே, பிடரிக்குப் போய்விட்டது.

"இருக்கு சார்!" என்றாள் முப்பிடாதி.

மணி அடித்தது. நிமிர முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜூலை 23, புதன்

விடுப்பு. உலகம்மாள் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி, "ஏழுதானா?" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஊர் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறதாம்.

இன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 28, திங்கள்

எதிர்பார்த்தது வந்தது. "குழுவின் ஒருமித்த கருத்தினை மீறி ஆட்டினைத் தாண்டியமைக்கு விளக்கம் கோருதல்." பழைய மெமோ மூடப்படவில்லை, அதற்குத் துணையாக இது. இந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த வருடமும் இருக்காது.

கோமதிநாயகம் வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன்.

"வே, எம் மச்சினன் கேட்டான். பசுவுக்கும் ஏழான்னு. ஆமான்னேன். 'அப்படியா, நமக்கும் பசுவுக்கும் ஒரே கணக்கா'ன்னு ரொம்ப சந்தோசப்படுதான் வே."

விமலா ஜாய்ஸின் அத்தை மூன்று நாளாகப் பேசவில்லையாம். "நிம்மதியா இருக்கு சார்" என்றார் விமலா.

மாலை மாசிலாமணி அறைக்குக் கூப்பிட்டார். விளக்கத்தை அவரே எழுதி அனுப்பிவிட்டாராம். மாணவி கேட்டாள், ஆசிரியர் பதில் சொன்னார், பதில் சொல்வது ஆசிரியரின் பணி என்று.

"என் விளக்கத்தை எழுத நீங்கள் யார்?" என்றேன்.

"நான் தலையாட்டுனதுக்கு நீங்க நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேன் சார்" என்றார். "உங்க பேனலுக்காகத்தான் ஆட்டுனேன். நல்லவேளை, நீங்க என் பேச்சைக் கேக்கிற ஆள் இல்ல."

பீரோ சாவியையும் மேசையில் வைத்தார். ஸ்மார்ட் கிளாஸுக்காக எடுத்தவற்றை, கூரை ஒழுகாத இடம் அந்த ஒரு பீரோதான் என்பதால் அங்கே வைத்தாராம். ஆய்வகக் கூரை இப்போதுதான் சரியானதாம்.

இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. இன்னும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மற்றப் பிரிவுக்கும் அதே பாடம். கழுத்து இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. மருத்துவர் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறார், குனியக் கூடாது. ஐந்து பாட்டில்களையும் அடுக்கிவிட்டு ஆட்டுக்கு அடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளும் அதையே பார்த்தார்கள். அவர்கள் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

வராந்தாவில் மாசிலாமணி போய்க்கொண்டிருந்தார். நின்றார். என் பட்டையைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார். உள்ளே வந்தார். அனுமதிகூடக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முட்டி போட்டு, தாடையை மேசையில் வைத்தார். ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது முகம் கொஞ்சம் அடக்கமாகவே இருந்தது.

"நடத்துங்க சார்" என்றார், தாடை அசையாமல்.

குச்சியால் காட்டியிருக்கலாம். ஆனால் துல்லியம் வேண்டும் என்று கையை வைத்தேன். அவர் பிடரியில், சட்டைக் காலருக்குச் சற்று மேலே, அது விரலுக்குத் தட்டுப்பட்டது. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

இருக்கிறது.